தோட்டாக் கூடும் படித்த குருவிகளும்

முதலில் சத்தம்தான் வந்தது. பூட்டிய அறைக்குள்ளிருந்து, பாத்திரக் கடைக்குள் யாரோ கிசுகிசுத்துச் சண்டை போடுவதுபோல, கிண்ணென்று ஒரு தட்டல், அதைத் தொடர்ந்து கீச்சென்று ஒரு பேச்சு, மறுபடி தட்டல், மறுபடி பேச்சு. சாவியைப் பூட்டில் நுழைத்தபடி நின்ற இசக்கியம்மாள், எலி என்றால் இப்படித் தட்டிப் பார்க்காது, திருடன் என்றால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டான், அப்படியானால் இது நம்ம சங்கத்து ஆள் எவனோதான், ஜன்னல் வழியாகக் கையை விட்டு நான் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்ததை எல்லாம் கலைத்துப் போடுகிறான், இன்றைக்கு அவன் விரலை ஒடிக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆள் இல்லை. பலகைத் தட்டில் வரிசையாக நிறுத்தியிருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளின் மேல், கொண்டைக்கடலை அளவு உடம்பும் மிளகளவு தலையுமாகக் குருவிகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கூட்டை அலகால் தட்டும், தலையைச் சாய்த்துக் கேட்கும், வாய்க்குள் எட்டிப் பார்க்கும், பிடித்தால் உடம்பை ஒடுக்கி உள்ளே இறங்கும், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குத் தாவும், மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தன் வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி.

"சவத்தெழவு," என்றாள் இசக்கியம்மாள். அவள் ஆச்சரியப்படவில்லை. ரேஷன் கடையில் எடை போட்டு, அரிசி எப்போது வரும், சீனி எப்போது வரும் என்று கேட்கிற ஊருக்கெல்லாம் பதில் சொல்லி, அரைநாள் விடுப்பு கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது?

ஆனைக்கால் புதூரில் மலையடிவாரத்துப் பாறைக்குழியை ஒட்டித் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. ஊர்க்காவல் படைப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஆணெல்லாம் மண்மேட்டைச் சுட்டுக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி குறி அட்டையின் நடுவைச் சுட்டதால் அந்தச் சங்கத்துக்குள் வந்து சேர்ந்தாள். ஆனால் புதுத் தோட்டாவாக வாங்கிச் சுடுவது தோட்டம் துரவு உள்ளவன் விளையாட்டு. குண்டு பறந்துபோகும், வெடிமருந்து எரிந்துபோகும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். கூடு நல்லதாக இருந்தால் அதிலேயே மறுபடி அடைத்துச் சுடலாம். அப்படி அடைக்கச் சங்கத்துக்கு உரிமம் இருந்தது, அதற்கான எந்திரம் இருந்தது, நல்ல கூடு மட்டும் இல்லை. ஏலத்தில் வந்த மூட்டையில் எவன் எவனோ எந்தெந்தத் துப்பாக்கியிலோ சுட்டுத் தள்ளியதெல்லாம் கலந்து கிடந்தது. அதைக் கொட்டி வைத்துக்கொண்டு, சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்து வாங்குகிற கறாரோடு இசக்கியம்மாள் பொறுக்குவாள். அடியில் குத்தியிருக்கிற எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா, கழுத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா, வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அடிப்பக்கம் எங்கேயாவது தட்டுகிறதா, கருங்கல்லில் போட்டால் கிண்ணென்கிறதா இல்லை செத்த சத்தம் போடுகிறதா. ஒன்றில் ஏமாந்தாலும் போவது கண். மூட்டை மூட்டையாகப் பார்த்தால் இரண்டு கை நிறையத் தேறும். அப்படித் தேறியதைத்தான் அவள் தட்டில் அடுக்கியிருந்தாள். சங்கத்துத் தடியன்கள் தொட்டு ஒன்றோடொன்றைக் கலந்துவிடக் கூடாதே என்று தட்டுக்கு மேலே தன் கையால் ஒரு பலகையும் எழுதி மாட்டியிருந்தாள்:

கூடு.
அடைக்க வைத்தது.
கலைக்காதீர்.

சங்கத்துச் செயலாளர் குற்றாலிங்கம் வந்தார், குருவிகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அதுக மேல என்ன தாயி தப்பு? கூடுன்னு போட்டிருக்க. அடைக்க வச்சதுன்னும் போட்டிருக்க. அடையிருக்கத்தானேன்னு அதுக நெனச்சிருக்கு. அதுக்கும் மேல கலைக்க மாட்டோம்னு உத்தரவாதம் வேற குடுத்திருக்க. நானா இருந்தாலும் பொண்டாட்டி பிள்ளையோட குடி வந்திருப்பேன்."

"அடைக்கன்னா மருந்து அடைக்க, அண்ணாச்சி."

"அப்ப அதையில்லா எழுதணும்? எழுத்துன்னா நாலு பேரு நாலு விதமாப் படிப்பான். குருவியும் படிக்கத்தான செய்யும்."

குருவிக்கு எப்படிப் படிக்கத் தெரியும் என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து ஓட்டு இடுக்கில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சாதியாக இருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இசக்கியம்மாளுக்கு எரிச்சல் வேறு இடத்தில். வந்த குருவி எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு தொலையக் கூடாதா? மூலையில் அவள் கழித்துப் போட்ட குவியல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வெடிப்பு விட்டது, வாய் நெளிந்தது, அடி இளகியது எல்லாம் அதில் உண்டு. ஒரு குருவியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் எதையெல்லாம் நல்லது என்று எடுத்து வைத்தாளோ, அதையெல்லாம் அதுகளும் தட்டிப் பார்த்து நல்லது என்று எடுத்துக்கொண்டன. போனஸ் பணத்தில் அவள் கணவன் சுடலைமணி வாங்கிக் கொடுத்த கொஞ்சம் புதுக் கூடுகளை டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். காலையில் மூடி பக்கத்தில் கிடந்தது, ஒவ்வொரு வாயிலும் ஒரு மிளகுத் தலை அவளைப் பார்த்தது, ஏதோ இவள்தான் அழைப்பு மணி அடிக்காமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்தவள்போல.

தை பிறந்ததும் மாநில அணிக்குத் தேர்வு. முந்நூறு மீட்டருக்கு அப்பால் அட்டை இருக்கும். அதற்குள் சுட்டுச் சுட்டுத் தோள் பழக வேண்டும், மூச்சு பழக வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். அடுத்த வருஷம் போட்டி இருக்கும், இவளுக்குக் கண் இருக்காது. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து தொடங்கியிருந்தது. ரேஷன் அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படித்தாள். துப்பாக்கிக் குழல் நுனியில் இருக்கிற முன்குறியின் ஓரம் பிசிறடிக்கத் தொடங்கியிருந்தது. அது முழுக்கக் கரைந்துபோவதற்குள் ஒரே ஒரு தடவை, தன் ஊர்ப் பெயரை ஒலிபெருக்கியில் யாராவது தப்பாகவாவது வாசிக்கக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

ஊர் குருவிகளை எடுத்துக்கொண்ட விதம் இப்படி இருந்தது. முதலில் சுடுவது நின்றது. வெடிச் சத்தத்தில் முட்டை கலங்கும் என்று யாரோ சொல்ல, துப்பாக்கியும் தோளுமாக வந்த உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பிறகு தினை வந்தது, குருணை வந்தது, தினையா குருணையா என்று சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க ஒரு கமிட்டி வந்தது. குருவி கூடு கட்டின வீட்டில் தொட்டில் ஆடும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தாய்ப்பால் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. ஒரு குருவிக்கே அப்படி என்றால் ஒரு தட்டு நிறைய குருவிக்கு எப்படி என்று கணக்குப் போட்டு, பிள்ளையில்லாத பெண்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார்கள். அட்டை மாட்டுகிற சட்டங்களிலெல்லாம் மஞ்சள் துணியில் தொட்டில் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால், குறி வைத்துச் சுட வேண்டிய இடத்தில் காற்று பிள்ளையைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தது. சிலர் தங்கள் வீட்டுச் சொம்பிலும் குத்துவிளக்கிலும் 'கூடு' என்று எழுதி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு வீட்டில் அவசரத்தில் 'குடு' என்று எழுதிவிட்டார்கள், அந்தச் சொம்பில் மட்டும் போகிறவர் வருகிறவர் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகம், மினி பஸ் கண்டக்டரான அவள் கணவனே பாறைக்குழி நிறுத்தத்தில் படியில் தொங்கிக்கொண்டு, "கூட்டுக் கோயில் எல்லாம் எறங்கு! கூட்டுக் கோயில்!" என்று கத்தியது.

"என்னங்க பேரு அது?" என்று வீட்டில் கேட்டாள்.

"ஏட்டி, எல்லாவனும் அப்படித்தான் டிக்கெட் கேக்கான். நான் என்ன செய்ய?"

பலகையைக் கழற்றி வைத்தாள். மறுநாள் அது மாலையோடு அதே ஆணியில் தொங்கியது. திருப்பி மாட்டினாள். பின்பக்கத்திலும் யாரோ அதையே எழுதிவிட்டார்கள், அவள் எழுத்தைவிட அழகாக.

கோபத்தில் குற்றாலிங்கத்திடம் போய் நின்றாள். "அண்ணாச்சி, சங்கம் சுடுறதுக்கா, தொட்டில் கட்டுறதுக்கா? இவ்வளவு கூட்டத்தை யாரு வரச் சொன்னா?"

"நீதான்." அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார். "கூடுன்னு எழுதி வச்சா மனுசன் கூடத்தான தாயி செய்வான்?"

மாமியார் மாடத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும் என்ற மாதிரி நடந்துகொண்டாள். விடிந்ததும் வந்து அறையைக் கூட்டினாள், குருவிகளுக்குத் தண்ணீர் வைத்தாள், வருகிறவர்களை வரிசையில் நிறுத்தினாள். ஒரு வெள்ளிக்கிழமை, அத்தனை கூட்டத்துக்கும் நடுவே, நடுச் சட்டத்தில் ஒரு தொட்டிலைக் கட்டிவிட்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏளா இசக்கி. இந்தப் பூவ வச்சு ஆட்டி விடு. ஊரு பூரா வருது, இது ஒனக்காகத்தான் வந்திருக்குன்னு ஒனக்கே தெரியலியே."

"எனக்காகவா? நான் கேட்டனா?"

"நான் கேட்டேம்லா. பன்னெண்டு வருசமா நான் கேக்கேன்."

பிறத்தியார் வீட்டுச் சண்டை என்றதும் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. இசக்கியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"அத்தை, நான் இந்தப் பித்தளையை எப்படிப் பாப்பேன்னு பாத்திருக்கியளா? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, வாய் சரியா, கழுத்து சரியா, அடி சரியான்னு பாப்பேன். தட்டிப் பாப்பேன். காது வச்சுக் கேப்பேன். பன்னெண்டு வருசமா இந்த ஊரு என்னை அப்படித்தான் பாக்கு. ஆனா நான் ஒரு தடவைதான் பாப்பேன். ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா ஆகாதுன்னு கீழ வச்சிட்டு அடுத்த சோலியப் பாப்பேன். நீங்க யாரும் என்னைக் கீழ வைக்கவே மாட்டேங்கியளே!"

பூவை மாடத்தியே தொட்டிலில் போட்டாள். அன்றிலிருந்து மருமகளோடு பேசவில்லை. அறையைக் கூட்ட வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

குஞ்சு பொரித்தன. அவ்வளவு எரிச்சலிலும் இசக்கியம்மாள் அதுகளைத் தொடவில்லை. முட்டை இருக்கிற கூட்டைக் கவிழ்க்கிற கை அவளுக்கு வாய்க்கவில்லை. கடுகுபோல் இருந்த குஞ்சுகள் மிளகாகி, மிளகு கடலையாகி, சிறகு முளைத்து ஜன்னல் வழியாகப் போகிறவரைக்கும், ரேஷன் கடை முடிந்து தினமும் வந்து, ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்து, வெளியே தொங்கிய மஞ்சள் தொட்டில்களைக் குறி பார்த்து, மூச்சை அடக்கி, விசையைச் சொடுக்கிச் சொடுக்கிப் பழகினாள். குஞ்சுகள் போனதும் கூடு காலியாகும் என்று இருந்தாள். தாய்க்குருவிகள் போகவில்லை. பழைய நாரை எடுத்து வெளியே போட்டுவிட்டுப் புது நார் கொண்டுவந்தன. அடுத்த ஈடு முட்டை. அதற்குப் பிறகு அதற்கு அடுத்த ஈடு. பலகை இருக்கிறவரைக்கும் அதுகளுக்கு உத்தரவாதம் இருந்தது.

டீக்கடையில் கூடிப் பேசினார்கள். கூடு என்ற பெயரால் வந்தது, பெயரை மாற்றினால் போகும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். என்ன பெயர் என்பதில் யாருக்கும் சம்மதமில்லை.

"உறைன்னு எழுதுவமா?" என்றார் குற்றாலிங்கம்.

"நல்லாருக்கும் வே," என்றார் டீக்கடைக்காரர். "உறைன்னு எழுதுங்க, எம் பாலெல்லாம் தயிராப் போவட்டும்."

"குப்பி?"

"சாயங்காலம் வேற ஒரு கூட்டம் வந்து வரிசையில நிக்கும், பரவால்லையா?"

இசக்கியம்மாள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அறைக்குப் போனாள். அங்கே மாடத்தி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். தட்டுக்குக் கீழே தரையெல்லாம், குருவிகள் பழைய நாரோடு வெளியே தள்ளிய, அரிசி உமியைவிட மெல்லிய வெள்ளைச் சில்லுகள். இசக்கியம்மாள் காலை வைக்கப் போனபோது, இத்தனை நாள் பேசாத மாமியார் துடைப்பத்தை நீட்டித் தடுத்தாள்.

"மிதிச்சிராத. முட்டை ஓடு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பேசிவிட்டோமே என்ற கோபத்தில் இன்னும் வேகமாகக் கூட்டினாள்.

இசக்கியம்மாள் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள். ஓடு. முட்டைக்கு ஓடு, தேங்காய்க்கு ஓடு, ஆமைக்கு ஓடு. தோட்டாவுக்கும் ஓடுதானே? குண்டு போன பிறகு மிஞ்சுகிற ஓடு. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதே நேரத்தில், படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் இன்னொரு சேதியும் இருந்தது.

போன ஈட்டுக் குஞ்சுகள் எல்லாம் பறந்துவிட்டன, புது முட்டை இன்னும் எந்தக் கூட்டிலும் விழவில்லை என்பதை வெளிச்சம் காட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பார்க்கும்போது ஒவ்வொரு குருவியும் அவளை முறைத்தது. அவளும் முறைத்தாள். பெயிண்ட் டப்பாவைத் திறந்து, 'கூ' என்ற ஒரே எழுத்தை வெள்ளை அடித்து மறைத்தாள். கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அந்த இடத்தில் 'ஓ' என்று எழுதினாள். மிச்ச இரண்டு வரியையும் அவள் தொடவில்லை. முதல் வார்த்தையிலேயே முகத்தில் அடித்தால், மானமுள்ள எவன் மூன்றாவது வரி வரைக்கும் படித்துக்கொண்டிருப்பான்?

குருவிகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. பலகையைப் பார்த்தன. ஒரு பெரிய சலசலப்பு எழுந்தது. முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே அதுகளுக்குள் ஏதோ வழக்கு நடந்ததுபோல் இருந்தது. பிறகு ஒன்று, வாயில் கவ்வியிருந்த நாரைத் தரையில் துப்பிவிட்டு, ஜன்னலைத் தாண்டியது. அதன்பின் தட்டு முழுக்கப் பித்தளை கிண்கிணுக்க எல்லாம் எழுந்து, பாறைக்குழிக்கு மேலே ஒரு பிடி கடலையை வீசினதுபோல் சிதறி, மலைப் பக்கம் போயின.

அன்று வெள்ளிக்கிழமை. வரிசையில் நின்ற பெண்களில் படிக்கத் தெரிந்தவள் பலகையைப் படித்தாள், தெரியாதவளுக்குச் சொன்னாள்.

"எங்களையா ஓடுன்னு சொல்லுதா?"

"ரேஷன் கடையிலயும் இதே வாய்தான இவளுக்கு!"

"கூட்டைக் கலைச்ச பாவி. இனி இவ வயிறு..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"ஏ தாயி, அது தோட்டா ஓடு," என்று குற்றாலிங்கம் கைகளை விரித்தார். "பொருள் வேற, பொருள் வேற!" எந்தப் பொருளும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தொட்டில்களை அவிழ்த்துக்கொண்டவர்கள் அவிழ்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பஸ் வந்தபோது படியில் தொங்கிய சுடலைமணி, எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல், "பாறைக்குழி," என்று மெதுவாகச் சொன்னான்.

இசக்கியம்மாள் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடுகளிலிருந்து நாரை இழுத்துப் போட்டாள். பித்தளை கறுத்துப்போயிருந்தது. எச்சம், தினை உமி, சிறகுத் தூசு. தைக்கு இன்னும் நாள் கிடந்தது, அதிகம் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது தும்மல்.

வாசலில் நிழல் விழுந்தது. மாடத்தி, ஒரு கையில் தண்ணீர்ச் சட்டி, மறு கையில் புளி உருண்டை.

"என்ன எழுதியிருக்கன்னு எல்லாரும் இப்படி ஓடுதாளுவ?"

"ஓடுன்னு எழுதியிருக்கேன், அத்தை."

"ஓடுதான இது? அதுல என்ன கோவம் இவளுவளுக்கு." மாடத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். புளியைக் கரைத்து, ஒரு கூட்டை எடுத்து, கார்த்திகை விளக்கைத் தேய்க்கிற மாதிரி கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். கறுப்பு கரைந்து மஞ்சள் தெரிந்தது. ஒன்றை முடித்துவிட்டு, கழித்துப்போட்ட குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"அது ஆகாது. கழுத்துல வெடிப்பு."

மாடத்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "நல்ல பித்தளையாத்தான இருக்கு. இதுல என்ன குறை வந்துச்சி?"

"பித்தளையில குறை இல்லாமலும் வெடிக்கும், அத்தை. சுட்ட துப்பாக்கி சரியில்லன்னாலும் இது வெடிக்கத்தான் செய்யும்."

மாடத்தியின் கட்டைவிரல் நின்றது. வெளியே பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு திரும்பியது, படியில் அவள் மகன் யாரையோ உள்ளே ஏறச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தான். மாடத்தி அவனைப் பார்த்தாள்.

"சுடலைமணிகிட்ட சொல்லிக்கிடாத," என்றாள்.

"சொல்லல."

அந்த வெடித்த கூட்டைக் குவியலில் எறியாமல், தன் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, தட்டிலிருந்து அடுத்ததைக் கைநீட்டி எடுத்தவள் "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டாள். கூட்டின் வாயில் ஒரு மிளகுத் தலை. பலகையை அண்ணாந்து பார்த்தது, மாடத்தியைப் பார்த்தது, எதுவும் புரியாமல் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"இதுக்குப் படிப்பு இல்ல போலிருக்கே," என்றாள் மாடத்தி.

இசக்கியம்மாள் அந்தக் கூட்டை அலுங்காமல் எடுத்து, பலகைக்கு மேலே, சுவர் இடுக்கில் சாய்வாகச் செருகி வைத்தாள். நல்ல கூடு. மூட்டையிலேயே நல்ல கூடு அதுதான். "சவத்தெழவு," என்று முனகிக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். மாமியார் தேய்த்து வைத்ததைத் துணியில் துடைத்து, வளைத்த கம்பியை உள்ளே விட்டு, அடியில் எங்கேயாவது தட்டுகிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள்.